காட்டுப் பாதையில் இரண்டு சைக்கிள்கள்

கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாய் எமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவருடைய மகன் மனைவியுடன் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் வசித்து வருகின்றார். விடுமுறை நாட்களில் கணவனும் மனைவியுமாக ஆளுக்கொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுகின்றார்களாம். நோன்புப் பெருநாளுக்குப் பின்னர் அவர்கள் அனுப்பிய வீடியோ ஒன்றைக் குடும்பத்தார் எல்லோரும் கூடியிருந்து பார்த்திருக்கின்றார்கள். அதில் மகன் முன்னால் போகின்றார், நிற்கின்றார், திரும்பிப் பார்க்கின்றார், மனைவி வந்து சேரும்வரை காத்திருக்கின்றார். பிறகு மனைவியை முன்னால் போகவிட்டு இவர் பின்னால் போகின்றார். "பொண்டாட்டி வாற வரைக்கும் நடுக்காட்டுல நிண்டுக்கிட்டு இரிக்கானே, இவனுக்கு என்னத்துக்குச் சைக்கிள்?" என்று மைத்துனர் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்திருக்கின்றார்கள். அந்தச் சிரிப்பு தாயின் மனத்தைத் தைத்துவிட்டது.

கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெண்ணொருத்தி இப்படிக் காட்டுக்குள் சைக்கிள் ஓடலாமா என்பது ஒன்று. மகன் மனைவிக்கு அடங்கிப் போய்விட்டானா என்பது மற்றது. முதலாவதற்குரிய பதில் சுருக்கமானது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். இரண்டாவது கேள்வி அந்த ஒரு வீட்டின் கேள்வியல்ல. அதனால்தான் தனிப்பட்ட பதில் எழுதாமல் இந்தப் பக்கத்தில் எடுத்துக்கொண்டேன்.

ஒரு விடயத்தில் கருத்துச் சொல்வதற்கு முன்னர் அந்த விடயம் என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது உஸ்தாத்மார் எமக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு. அதே நகரில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டும், கிடைத்தவற்றை வாசித்தும் இது பற்றி அறிந்துகொண்டேன்.

பர்மிங்ஹாமுக்கு வடக்கே ஸ்டஃபோர்ட்ஷயரில் கேனொக் சேஸ் என்றொரு காட்டுப் பிரதேசம் உண்டு. பைன் மரக்காடும் புதர்வெளியும் கலந்த இடம், மான்கள் உலாவும் இடம். 1958ஆம் ஆண்டிலேயே அதன் இயற்கை எழிலுக்காகப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவித்துவிட்டார்கள். அதற்குள் சைக்கிளுக்கென்றே வெட்டிவைத்த ஒற்றையடிப் பாதைகள் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து செல்கின்றன. 2022ஆம் ஆண்டு ஓகஸ்டில் பர்மிங்ஹாமில் பொதுநலவாய விளையாட்டு விழா நடைபெற்றபோது மலைச் சைக்கிள் போட்டிகளை இந்தக் காட்டில்தான் நடத்தினார்கள். பாதைகளுக்கு நிறங்கள் இருக்கின்றன. பச்சை என்றால் இலகுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். உள்ளே நுழையும் இடத்திலேயே பலகையில் எழுதியிருப்பதால் தனக்கு இயன்றது எது என்று பார்த்துப் போகலாம்.

அந்நாட்டில் காட்டுப் பாதைகள் எல்லாவற்றிலும் சைக்கிள் ஓட முடியாது என்பதையும் அறிந்துகொண்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓடுவதற்கு 1968ஆம் ஆண்டுச் சட்டமொன்று அனுமதி கொடுத்தது. ஆனால் கால்நடையாக வருபவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட்டே ஆகவேண்டும் என்ற நிபந்தனை அதிலேயே இருக்கிறது. பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் போதித்த உம்மத்தைச் சேர்ந்த நாம், எமது ஊர்ச் சந்திகளில் மோட்டார் சைக்கிள்கள் நடைபாதையில் ஏறிவரும் விதத்தை இவ்விடத்தில் கொஞ்சம் நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கேயுள்ள டமல்பயஸ் மலைப் பகுதியில் 1970களில் இளைஞர்கள் சிலர் பழைய, பாரமான, தடித்த டயர் கொண்ட சைக்கிள்களை மேலே கொண்டுபோய் மண் பாதை வழியாகக் கீழே ஓடி வந்தார்கள். 1976ஆம் ஆண்டு அதையே போட்டியாக்கினார்கள். இறங்கி முடிவதற்குள் பின்சக்கரத்துப் பிரேக் சூடேறி உள்ளேயிருக்கும் கிரீஸ் புகைந்துபோய்விடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிரீஸ் நிரப்ப வேண்டும். அந்தப் பாதைக்கு 'ரீபெக்' என்று பெயர் வந்ததே அதனால்தான். 1977ஆம் ஆண்டு ஜோ பிரீஸ் என்பவர் இந்த ஓட்டத்துக்கென்றே தனியான சட்டம் செய்தார். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒருசேர இது சேர்க்கப்பட்டது. இன்றைய சைக்கிளில் அகலமான டயர், அதிர்ச்சியை உள்வாங்கும் முன்கவை, மிகச் சிறிய கியர் எல்லாம் இருக்கின்றன. கியர் இல்லாத எமது ஊர்ச் சைக்கிளில் ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவோம் அல்லவா? அந்த ஏற்றத்தை அவர்கள் உட்கார்ந்தபடியே மெல்ல மெல்ல ஏறிவிடுகின்றார்கள்.

ஓடும் முறையிலும் சில விடயங்கள் உண்டு. ஏற்றம் தொடங்கிய பிறகு கியர் மாற்றினால் செயின் முறுகும், ஆகவே முன்னரே மாற்றிவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பின்னர் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும், ஆகவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மழையில் நனைந்த மர வேரைச் சாய்வாகக் கடந்தால் விழுவது நிச்சயம், நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். கண் எங்கே பார்க்கிறதோ சைக்கிள் அங்கே போகும் என்கின்றார்கள். மரத்தில் மோதிவிடக் கூடாதே என்று மரத்தையே பார்த்துக்கொண்டு போகிறவர் அந்த மரத்திலேயே போய் மோதுவாராம். மரங்களுக்கு நடுவே இருக்கும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, இரண்டு பேராகப் போகும் விடயத்துக்கு வருவோம்.

காட்டுக்குள் தனியாகப் போவதை அனுபவமுள்ளவர்கள் விரும்புவதில்லை. விழுந்து கையை முறித்துக்கொண்டால் உதவிக்கு ஆள் வேண்டும், பல இடங்களில் தொலைபேசி வேலை செய்யாது. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் இரவில் தனியாகப் பயணம் செய்வதிலுள்ள ஆபத்தைப் பற்றி எச்சரித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. பாதைக்கு முன்னர் துணையைத் தேடு என்று அரபிகளிடம் ஒரு பேச்சு உண்டு. இதைப் பலர் ஹதீஸ் என்று மேடைகளில் சொல்கின்றார்கள். அந்த அறிவிப்புகள் பலவீனமானவை. ஆகவே பழமொழியாகவே எடுத்துக்கொள்வோம், அப்படி எடுத்தாலும் அதன் பெறுமதி குறைந்துவிடாது.

துணை கிடைத்தவுடன் ஒரு சிக்கலும் கிடைக்கிறது. இரண்டு பேருடைய வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவருக்கு மூச்சு நீளம், மற்றவருக்குக் குறைவு. ஒருவர் பத்து வருடமாக ஓடுகிறவர், மற்றவர் போன வருடம் பழகியவர். ஏற்றத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆகவே ஏற்றத்தில் வேகம் குறைந்தவரை முன்னால் விடுவது அவர்களுடைய வழக்கம். முன்னால் போகிறவர்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறவர். அவர் தன் மூச்சுக்கு ஏற்றபடி போவார், பலமுள்ளவர் பின்னால் அந்த வேகத்துக்கு அடங்கி வருவார். இறக்கத்தில் இது மாறும். அனுபவமுள்ளவர் முன்னால் போய், எந்த இடத்தில் கல், எந்த இடத்தில் பள்ளம் என்று குரல் கொடுத்துப் பாதை காட்டுவார். பாதை பிரியும் ஒவ்வொரு சந்தியிலும் முன்னால் போனவர் நின்று, மற்றவர் வந்து எந்தப் பக்கம் என்று கண்ட பிறகுதான் நகர வேண்டும். அந்த மகன் வீடியோவில் செய்தவை எல்லாம் இவைதான். மைத்துனருக்கு இது தெரியாததால் சிரிப்பு வந்திருக்கிறது. தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் நிற்காமல் போகிறவரைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள்.

எமது மாணவர் சொன்ன இன்னொரு விடயம் எனக்கு மிகவும் பிடித்தது. காத்து நிற்பதிலும் இரண்டு வகை உண்டாம். வேகமானவர் ஏற்றத்தின் உச்சிக்கு முதலில் போய்விடுகிறார். அங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்துத் தண்ணீர் குடிக்கிறார், மூச்சு வாங்குகிறார், காட்டைப் பார்க்கிறார். ஐந்து நிமிடம் கழித்து மற்றவர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேருகிறார். அவர் காலைத் தரையில் வைப்பதுதான் தாமதம், "வந்தாச்சா? சரி, போவோம்" என்று முதலாமவர் புறப்பட்டுவிடுகிறார். கணக்குப் பாருங்கள். பலமுள்ளவருக்கு ஒவ்வொரு உச்சியிலும் ஐந்து நிமிட ஓய்வு. பலம் குறைந்தவருக்கு அன்று முழுவதும் ஒரு நிமிட ஓய்வும் இல்லை. மாலையில் வீடு திரும்பும்போது முதலாமவர், "நான் எத்தனை தடவை உனக்காகக் காத்து நின்றேன்!" என்று சொல்லிக் காட்டவும் செய்வார். மற்றவர் அடுத்த வாரம் வரமாட்டார். புதிதாகப் பழகியவர்கள், விசேடமாக மனைவிமார், இந்த ஓட்டத்தை விட்டுவிடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்றார் எமது மாணவர். வந்து சேர்ந்தவர் இறங்கி, தண்ணீர் குடித்து, பேச்சு வருமளவுக்கு மூச்சு திரும்பி, "போவோம்" என்று அவரே சொன்ன பிறகு புறப்படுவதுதான் உண்மையில் காத்து நிற்பது.

சகோதரிகளே, இதைக் கேட்டபோது எமது ஊர் பஸ் நிலையங்கள்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. வாப்பா பத்து எட்டு முன்னால் போவார். உம்மா இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பையுடன் பின்னால் வருவார். வாப்பா போய் நிழலில் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். உம்மா வந்து சேர்ந்ததும் "ஏன் இவ்வளவு நேரம்? ஏறு, ஏறு" என்பார். ஆஸ்பத்திரி வரிசையிலும் இதையே பார்க்கின்றோம், கலியாண வீட்டு வாசலிலும் பார்க்கின்றோம். அவரும் தான் காத்து நின்றதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

ஸூரத்துன் னிஸாவின் 36ஆம் வசனத்தில், பெற்றோர், உறவினர், அநாதைகள், அயலவர் முதலானோருக்கு நன்மை செய்யும்படி ஏவுகின்ற வரிசையில், பக்கத்திலிருக்கும் தோழருக்கும் நன்மை செய்யும்படி அல்லாஹ் ஏவுகின்றான். இந்தப் பக்கத்துத் தோழர் யார்? தஃப்ஸீர் கிரந்தங்களைப் புரட்டினால் இரண்டு விளக்கங்கள் முக்கியமாகத் தெரிகின்றன. இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடமிருந்தும் வேறு சிலரிடமிருந்தும் வருகின்ற விளக்கம், அது பயணத் துணை என்பது. அலி (ரழி), இப்னு மஸ்ஊத் (ரழி) ஆகியோரிடமிருந்து வருகின்ற விளக்கம், அது மனைவி என்பது. இமாம் தபரி அவர்கள் இவற்றில் ஒன்றை எடுத்து மற்றதைத் தள்ளிவிடாமல், அந்தச் சொல் இவர்கள் எல்லோரையும் உள்ளடக்கும் என்றே கருதுகின்றார்கள். மத்ரஸாவில் இந்த வசனத்தைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம், ஒரே சொல்லுக்குப் பயணத் துணையும் மனைவியும் எப்படிப் பொருளாக வந்தார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். பக்கத்திலேயே வருகிறவர், விட்டுவிட்டுப் போக முடியாதவர் என்ற ஒன்று இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கிறது. காட்டுப் பாதையில் மனைவியுடன் போகும் அந்த மகனுக்கு இரண்டு பொருளும் ஒரே ஆளில் வந்து சேர்ந்திருக்கின்றன.

கூட்டத்தில் பலவீனமானவருடைய நடைக்கு ஏற்ப நடங்கள் என்றும் ஒரு வாசகம் மக்களிடையே ஹதீஸாகப் புழங்குகின்றது. அந்த வாசகத்துக்கு உறுதியான அறிவிப்பு இல்லை என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் சொல்கின்றார்கள். ஆனால் அதே பொருள் உறுதியான வேறு இடங்களில் இருக்கின்றது. உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரழி) அவர்களை ஒரு கூட்டத்தாருக்கு இமாமாக நியமித்தபோது, அவர்களில் மிகவும் பலவீனமானவரைக் கவனத்தில் வைத்துத் தொழுகை நடத்தும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இமாம் முன்னால் நிற்பவர். ஆனால் தொழுகையின் நீளத்தைத் தீர்மானிப்பவர் பின்னால் நிற்கும் வயோதிபர். பயணங்களில் நபி (ஸல்) அவர்கள் பின்தங்கி வருவார்கள் என்றும், பலவீனமானவர்களை முன்செலுத்தி, தேவையானவரைத் தம் வாகனத்தின் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள் என்றும் ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் இருக்கின்றது. ஒரு படையின் தலைவர் படையின் வால்பக்கத்தில் வந்தார் என்பதை மைத்துனர் அறிந்திருப்பாரா தெரியவில்லை.

ஆயிஷா (ரழி) அவர்களுடைய கழுத்துமாலையின் சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாம் அதைத் தயம்மும் சட்டத்துக்காக வாசிக்கின்றோமே தவிர, காத்து நின்றதற்காக வாசிப்பதில்லை. ஒரு பயணத்தில் அவர்களுடைய மாலை அறுந்து தொலைந்துவிட்டது. அதுவும் தமக்கை அஸ்மா (ரழி) அவர்களிடம் இரவல் வாங்கியது என்று ஓர் அறிவிப்பு. அதைத் தேடுவதற்காக நபி (ஸல்) அவர்கள் நின்றார்கள், படை முழுவதும் நின்றது. அந்த இடத்தில் தண்ணீர் இல்லை, மக்களிடமும் தண்ணீர் இல்லை. மக்கள் போய் அபூபக்கர் (ரழி) அவர்களிடம் முறைப்பட்டார்கள். அவர்கள் வந்து மகளைக் கண்டித்தார்கள். நபி (ஸல்) அவர்களோ மனைவியின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்தபோது தயம்முமுடைய வசனம் இறங்கியது. பிறகு ஒட்டகத்தை எழுப்பினால் மாலை அதன் கீழே கிடந்தது. தண்ணீர் கிடைக்காத எத்தனை கோடி முஸ்லிம்களுக்கு அன்றைய தாமதம் வழியைத் திறந்துவிட்டது! கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரழி) அவர்கள் ஒட்டகத்தில் ஏறுவதற்காக நபி (ஸல்) அவர்கள் தமது முழங்காலை வைத்துக் கொடுத்ததும் புகாரியில் இருக்கின்றது. அவர்கள் அந்த முழங்காலில் காலை வைத்து ஏறினார்கள். மக்கள் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது இது.

இனி மறுபடியும் சைக்கிளுக்கு வருகின்றேன். துணைக்காகக் காத்து நிற்பதைச் சட்டமாகவே ஆக்கிவைத்திருக்கும் ஒரு போட்டி தென்னாபிரிக்காவில் நடைபெறுகின்றது. 'கேப் எபிக்' என்று பெயர். 2004ஆம் ஆண்டு தொடங்கியது. எட்டு நாட்கள், அண்மைய ஆண்டுகளில் 600 முதல் 700 கிலோமீற்றர் வரை தூரம். கேப் மாகாணத்தின் மலைகள், தோட்டங்கள், மரக்காடுகள் வழியாக ஓட வேண்டும். மொத்தமாக ஏறுகின்ற உயரம் ஏறத்தாழ 15,000 மீற்றர். எமது பீதுருதாலகால மலையைக் கடல் மட்டத்திலிருந்து ஆறு தடவை ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் தனியாளாகப் பெயர் கொடுக்க முடியாது. இரண்டு இரண்டு பேராகவே சேர வேண்டும். ஆண்கள் இருவர், பெண்கள் இருவர், ஆணும் பெண்ணுமாக இருவர் என்று பிரிவுகள் உண்டு. தம்பதிகளும் சேர்ந்து ஓடுகின்றார்கள்.

சட்டம் என்னவென்றால், துணைவர் இருவருக்குமிடையில் பாதையில் எந்த இடத்திலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. வழிநெடுகக் கணக்கெடுக்கும் இடங்கள் இருக்கின்றன. இடைவெளி கூடினால் தண்டனையாக நேரம் சேர்ப்பார்கள். ஒருவர் முன்கூட்டியே போய் முடிவுக் கோட்டைத் தொட்டாலும் பிரயோசனமில்லை, இரண்டாமவர் தொட்டால்தான் அந்தச் சோடியின் நேரம் நிற்கும். ஒருவர் நோயாலோ காயத்தாலோ விலகிவிட்டால் மற்றவர் விரும்பினால் தொடர்ந்து ஓடலாம், ஆனால் சோடிகளின் வரிசையில் அவருக்கு இடமில்லை. எத்தனை பெரிய வீரரானாலும் விதி ஒன்றுதான். சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் ஸௌசரும் தென்னாபிரிக்க இளைஞர் பரி ஸ்டேண்டரும் 2011இலும் 2012இலும் சேர்ந்து வென்றார்கள். 2013ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி ஸ்டேண்டர் பயிற்சிக்காகச் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தபோது வாகனம் மோதி 25 வயதில் இறந்துபோனார். அவருக்குத் திருமணமாகி ஒரு வருடமும் ஆகியிருக்கவில்லை. அந்த வருடப் போட்டிக்கு இரண்டே மாதங்கள் இருந்தன. ஸௌசர் செக் நாட்டு வீரர் யாரோஸ்லாவ் குல்ஹவியைச் சேர்த்துக்கொண்டு ஓடி மறுபடியும் வென்றார்.

கேப் என்றதும் இன்னொருவருடைய நினைவு வருகின்றது. எமது வாசகிகள் பலருக்கு இது புதிதாக இருக்கலாம் என்பதால் சொல்லிவிட்டுப் போகின்றேன். இந்தோனேசியாவின் மகஸ்ஸாரைச் சேர்ந்த ஷெய்க் யூஸுஃப் என்ற ஆலிமை ஒல்லாந்தர் சிறைப்பிடித்து 1684ஆம் ஆண்டு இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். ஏறத்தாழப் பத்து வருடங்கள் இங்கே வாழ்ந்து கிரந்தங்களும் எழுதினார். ஹஜ்ஜுக்குப் போய்வரும் வழியில் இலங்கையில் தங்கிய ஜாவாவாசிகள் அவரைச் சந்தித்துச் செல்வது ஒல்லாந்தருக்குப் பொறுக்கவில்லை. 1694இல் அவரைக் கேப்புக்குக் கப்பலேற்றினார்கள். குடும்பத்தாரும் மாணவர்களுமாக 49 பேர் அவருடன் போனார்கள். 1699இல் அங்கேயே வபாத்தானார். அவர் இருந்த இடம் இன்றும் அவரது ஊரின் பெயரால் மகஸ்ஸார் என்றே அழைக்கப்படுகின்றது. நாடுகடத்தப்பட்டவருடன் நாட்டைவிட்டுப் போவதற்கு 49 பேர் இருந்தார்கள் என்பதைத் துணை பற்றிப் பேசும் இடத்தில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வேகம் குறைந்தவர் எப்போதும் மனைவிதான் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பது வயதில் சீனி வருத்தம் வந்து கணவனின் கால் ஓய்ந்திருக்கும், மனைவி உற்சாகமாக இருப்பார். மனைவி படித்தவராகவும் கணவன் எழுத்துக்கூட்டி வாசிப்பவராகவும் இருக்கும் வீடுகளை நாம் காண்கின்றோம். அங்கே காத்து நிற்க வேண்டியவர் மனைவி. "இதுகூட உங்களுக்கு விளங்கவில்லையா?" என்ற ஒரு சொல், உச்சியில் நின்று "வந்தாச்சா? போவோம்" என்பதற்குச் சமமானது. பிள்ளைப்பேறு முடிந்து நாற்பது நாள் ஆனதும் பழைய வேகத்தில் வீட்டு வேலையைச் செய்யும்படி மருமகளிடம் எதிர்பார்க்கின்ற மாமிமாரும் இருக்கின்றார்கள். அந்தப் பெண் இப்போதுதான் உச்சிக்கு வந்து காலைத் தரையில் வைத்திருக்கின்றாள். மறுபக்கத்தில், மாமியின் மெல்லிய நடைக்காகச் சந்தியில் நிற்கப் பொறுமையில்லாத மருமக்களும் இல்லாமலில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு கேள்வி. வீடியோவில் மகன் திரும்பிப் பார்ப்பதைக் கண்டபோது உங்களுக்கு வந்தது வெட்கமா, அல்லது உங்களை யாரும் இப்படித் திரும்பிப் பார்க்கவில்லையே என்ற கவலையா? கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் உங்களுடைய கலியாணத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் சில வரிகளால்தான் இப்படிக் கேட்கின்றேன். அதை இங்கே விரிவாக எழுத மாட்டேன். மகன் உங்களுடைய வளர்ப்புத்தான். அவர் அடங்கிப் போகவில்லை. வழித்துணையின் ஹக்கைக் கொடுக்கின்றார்.

எஞ்சியிருப்பது முதலாவது கேள்வி. பெண் வாகனத்தில் ஏறிச் செல்வது எமது மார்க்கத்துக்குப் புதியதல்ல. ஒட்டகத்தில் ஏறிச் செல்கின்ற குறைஷிப் பெண்களின் பண்புகளை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்திருக்கின்றார்கள். பயணமொன்றில் மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதும், அதில் மனைவி வென்றதும், சில காலத்துக்குப் பின்னர் இன்னொரு பந்தயத்தில் தாம் வென்று இது அதற்குப் பதில் என்று சிரித்ததும் அபூதாவூத், அஹ்மத் ஆகிய கிரந்தங்களில் உண்டு. ஆகவே கணவனுடன் சேர்ந்து, ஆடை ஒழுங்கையும் தொழுகையையும் பேணி, காட்டில் சைக்கிள் ஓடுவதில் தடையென்று சொல்வதற்கு எதையும் நான் காணவில்லை. பெண்களே கூடிச் சைக்கிள் பழகும் குழுக்களும் பிரித்தானிய நகரங்களில் இருக்கின்றன. கணவனுக்கு நேரமில்லாத வாரங்களில் அவை உதவும்.

மருமகளுக்குச் சில நடைமுறை விடயங்களையும் எழுதிவிடுங்கள். நீண்ட அபாயா செயினிலும் பின்சக்கரத்திலும் சிக்கும், அது உயிராபத்து. முழங்காலுக்குக் கீழே வருகின்ற தளர்வான மேலாடையும், கணுக்கால் பக்கம் பட்டியால் இறுக்கிக்கொள்ளக்கூடிய தளர்வான காற்சட்டையும் போதும். ஹெல்மட்டுக்குள் தடித்த முந்தானை அணிந்தால் ஹெல்மட் தலையில் சரியாக உட்காராது. மெல்லிய துணியில், ஊசி குத்தாமல் தலையோடு பொருந்துகின்ற ஹிஜாப் அணிய வேண்டும். பம்பை ஒருவரும் டியூபை மற்றவருமாகப் பிரித்துக் கொண்டுபோக வேண்டாம், இரண்டு பேரிடமும் இரண்டும் இருக்கட்டும். பர்மிங்ஹாமிலிருந்து அந்தக் காட்டுக்குள்ள தூரம் தொழுகையைச் சுருக்குவதற்குரிய பயணத் தூரம் அல்ல, முழுமையாகவே தொழ வேண்டும். டிசம்பர் மாதத்தில் அங்கே பிற்பகல் 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகின்றது. லுஹருக்கும் அஸருக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம்கூட இருக்காது. குளிர்காலத்தில் காலையிலேயே ஓடி முடித்துவிட்டு, வாகனத் தரிப்பிடத்துக்குத் திரும்பி வந்து அங்கே வுழூச் செய்து தொழுவதே இலகுவானது.